236 நிறங்களில் ஒரு தீபம்

திருவண்ணாமலைத் தீபத்தின் நிறம் என்ன என்று கேட்டால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில், கொப்பரையில் நெய்யும் காடாத் துணியும் கற்பூரமும் பற்றிக்கொள்ளும்போது மாட வீதியில் நிற்பவர்களுக்கு அது முதலில் வெறும் வெள்ளைப் புள்ளி. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தெரியும், அடியில் ஆரஞ்சு இறங்கும், ஓரங்களில் செம்பு கலக்கும். பின்னால் இன்னும் முழுசாக இருட்டாத வானத்தின் நீலம். பதினொரு நாள் எரியும் தீ. காற்றும் பனியும் பொறுத்து இரவுக்கு இரவு நிறம் மாறும். இதைக் கணினித் திரைக்குள் கொண்டுவரும் வேலை 1999இல் என் கைக்கு வந்தது. அன்றைக்கு ஊரில் இருந்த பாதிக்கு மேற்பட்ட சிஸ்டங்கள் ஒரே சமயத்தில் 256 நிறங்களுக்கு மேல் காட்டாமல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

வேலை கொடுத்தவர் கோயில் பக்கம் பக்திப் பாடல் கேசட் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர். நான் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில், கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துத் தரும் டிடிபி சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் படியேறி வந்து, உட்காராமலே சொன்னார்:

"கேசட்டு காலம் முடியப்போவுது தம்பி. சிடில போட்டா பௌர்ணமிக்கு வர்ற வெளியூர்க்காரன் வாங்கிட்டுப் போவான். கிரிவலம் முழுசும் அதுல வரணும். எட்டு லிங்கமும் வரணும். தீபம் எரியணும்."

"பாத்துடலாம்ணா" என்றேன்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சிடி செய்வதற்கென்று சில மென்பொருள்கள் இருந்தன. பாடம் நடத்துபவர்கள் ஆத்தர்வேர் பயன்படுத்தினார்கள். படமும் பாட்டும் அசைவும் வேண்டியவர்களுக்கு மேக்ரோமீடியா டைரக்டர். 1980களில் மெக்கின்டாஷ் கணினிக்காக வீடியோவொர்க்ஸ் என்ற பெயரில் பிறந்து, பிறகு பெயர் மாறி விண்டோஸுக்கும் வந்த மென்பொருள் அது. அதற்குள் எல்லாமே நாடகக் கொட்டகைச் சமாச்சாரம். திரைக்கு ஸ்டேஜ் என்று பெயர். உள்ளே கொண்டுவரும் படம், ஒலி, எழுத்து எல்லாம் காஸ்ட், அதாவது நடிகர்கள். யார் எந்த நேரத்தில் வந்து எப்போது போவது என்பதைக் கட்டம் போட்டு எழுதும் இடம் ஸ்கோர். இவற்றை ஆட்டுவிக்க லிங்கோ என்றொரு நிரல்மொழி. அதை உருவாக்கியவர் ஜான் ஹென்றி தாம்ப்சன். எனக்கு உதவியாக இருந்த பையன் புரிசைப் பக்கத்துக் கூத்துக் குடும்பத்துப் பிள்ளை. நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தபோது அவன் ஒரே மத்தியானத்தில் ஸ்கோரைப் படிக்கத் தொடங்கிவிட்டான்.

256 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் டிஸ்பிளே கார்டின் நினைவகத்தில் இடம் வேண்டும். 640க்கு 480 புள்ளி கொண்ட திரையில், புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 3,07,200 பைட். இரண்டு பைட் என்றால் 6,14,400. அரை மெகாபைட் கார்டில் இருப்பது மொத்தமே 5,24,288 பைட்தான். அதனால் புள்ளிக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் எழுதக்கூடிய எண்கள் 256. எனவே 256 நிறம். ஒரு மெகாபைட் கார்டு வைத்திருந்தவர்கள் அதற்கு மேல் போகலாம். ஆனால் ஐகான்கள் சின்னதாக, நிறைய இடமாகத் தெரிய வேண்டும் என்று 1024க்கு 768 வைத்துக்கொண்டால் அவர்களும் 256க்குத் திரும்ப வேண்டியதுதான். சிடி டிரைவும் ஒரு காரணம். இரட்டை வேக டிரைவ் நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோபைட் படிக்கும். 256 நிறத்தில் முழுத்திரைப் படம் ஒரு நொடியில் வந்துவிடும். அதையே முழு நிறத்தில் வைத்தால் மூன்று நொடி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். யாருக்குச் செய்கிறோமோ அவர்களில் கடைசி ஆளின் சிஸ்டத்துக்கும் ஓட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. ஆக 256.

அந்த 256ம் நமக்கு முழுசாகக் கிடைக்காது. பந்தியில் 256 இலை போட்டிருக்கிறது என்று வையுங்கள். விண்டோஸ் வீட்டுக்காரர், முதல் பத்து இலையிலும் கடைசிப் பத்து இலையிலும் தன் ஆட்களை உட்கார வைத்துவிடுவார். ஜன்னல் ஓரம், பட்டன், மெனு இவற்றின் நிறங்கள் அவை. அவர்களை எழுப்ப முடியாது. மிச்சம் 236. அந்த 236 இலையில் யாரை உட்கார வைப்பது என்ற பட்டியலுக்குத்தான் பேலட் என்று பெயர். படத்தின் புள்ளிகளில் நிறம் இருக்காது. 'பதினேழாம் இலை, நாற்பதாம் இலை' என்று வெறும் எண்தான் இருக்கும். வேறு பட்டியலை வைத்து அதே எண்ணை வாசித்தால் சிவப்பு இருந்த இடத்தில் பச்சை உட்கார்ந்திருக்கும்.

தீபத்தின் படத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்டுடியோக்காரர் பல வருடமாகப் பிலிமில் எடுத்து வைத்திருந்ததில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தார். இணையத்தில் அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த 216 நிறப் பொதுப் பட்டியலில் அதை முதலில் போட்டுப் பார்த்தோம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறு படி. ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுத்த மஞ்சளிலிருந்து சுத்தச் சிவப்புக்கு இறங்க அதில் இருப்பவையும் அதே ஆறு படிதான். தீ என்பதே அந்த இறக்கம். திரையில் தெரிந்தது தீ இல்லை, கலர் பேப்பரை வெட்டி ஒட்டிய தோரணம்.

அடுத்து, படத்தைப் பார்த்து அதற்கேற்ற நிறங்களைத் தானே பொறுக்கும் முறை. போட்டோஷாப்பில் அடாப்டிவ் என்று இருக்கும். அது எண்ணிக்கை பார்த்துத்தான் இடம் கொடுக்கும். தீபப் படத்தில் பெரும்பகுதி மலையின் கறுப்பும் வானத்தின் நீலமும். ஆகவே பெரும்பாலான இடம் இருட்டுக்குப் போனது. தீக்கு ஏதோ பேருக்குச் சில நிறங்கள். இருட்டு அற்புதமாக வந்தது. தீ மொண்ணையாக இருந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. நிறம் குறைக்கும் முன் தீ இருக்கும் பகுதியை மட்டும் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அப்போது போட்டோஷாப் அந்தப் பகுதிக்கு மதிப்புக் கூட்டி நிறம் பொறுக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தீபத்துக்கு மஞ்சளும் ஆரஞ்சும் தாராளமாகக் கிடைத்தன. வானம் சற்றுப் புள்ளி புள்ளியாக வந்தது. கார்த்திகை மாதத்து வானம்தானே, பனி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

அஷ்டலிங்கங்கள் தந்த தொல்லை வேறு மாதிரி. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதில் எட்டுத் திசைக்கு எட்டு: இந்திர, அக்னி, யம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்கள். கருவறையைப் படம் எடுக்க அனுமதி கிடையாது. எனவே வாசல், விமானம், எதிரே இருக்கும் நந்தி, மரம் என்று எடுத்திருந்தோம். மெனுவில் நடுவே மலை, சுற்றி எட்டு வட்டம். வட்டத்தின் மேல் அம்பைக் கொண்டுபோனால் அந்த இடத்தின் படம் பெரிதாகும். ஒவ்வொரு படத்துக்கும் ஆசையாகத் தனித்தனிப் பட்டியல் தயாரித்திருந்தோம். விளைவு: ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கணத்தில், பழைய படம் புதிய பட்டியலில் மாட்டிக்கொண்டு பளீரென்று வேஷம் மாறும். விமானம் ஊதா. வானம் கிளிப்பச்சை. கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் கண்ணில் அறையும்.

கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்னி லிங்கத்தத் தொட்டா எமலிங்கம் பச்சையா ஆவுதே தம்பி, இது ஒண்ணும் தோஷம் கீஷம் இல்லியே?" என்றார்.

தோஷம் இல்லை, ஒரே மேடையில் இரண்டு பட்டியல்கள் இருக்க முடியாது என்பதுதான் விஷயம். எட்டுப் படத்தையும் ஒரே பெரிய படமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அந்த மொத்தத்துக்குமாக ஒரே பட்டியல் எடுத்து, அதைத் தனியாகச் சேமித்து, ஒவ்வொரு படத்துக்கும் அதையே மாட்டினோம். டைரக்டருக்குள் கொண்டுவரும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: படத்தோடு வரும் பட்டியலை அப்படியே எடுக்கவா, இருக்கிற பட்டியலுக்கு மாற்றவா என்று. அவசரத்தில் இந்தக் கேள்விக்கு ஓகே தட்டுகிறவர்கள்தான் பிற்பாடு நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இது இல்லாமல் 'தேவைப்பட்டால் பேலட்டை மாற்றிக்கொள்' என்று ஒரு சிறு கட்டம் மூவி பிராப்பர்ட்டீஸில் இருக்கும். அந்த டிக் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே கோப்பு இருவேறு விதமாக நடந்துகொள்ளும். மென்பொருளைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் அறையின் சட்டம்.

தீபக் காட்சிக்கு மட்டும் தனிப் பட்டியல் வேண்டும் என்பதில் நான் விடவில்லை. கறுப்பு விண்டோஸின் நிரந்தர நிறங்களில் ஒன்று. பட்டியல் மாறினாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆகவே திரையை முழுக்க இருட்டாக்கி, அந்த இருட்டுக்குள் பட்டியலை மாற்றி, பிறகு தீபத்தை ஏற்றினோம். தொழில்நுட்பக் கட்டாயத்துக்காகச் செய்தது. பார்த்தவர்கள் மலையில் தீபம் ஏற்றும் முன் ஊரில் விளக்குகளை அணைக்கிற மாதிரியே செய்திருக்கிறீர்களே என்று பாராட்டினார்கள். மறுக்கவில்லை.

தமிழ் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் இருந்தது டைரக்டர் 6; எழுத்துருவைப் படத்துக்குள்ளேயே பொதியும் வசதி 7இல்தான் வந்தது. பார்ப்பவர் சிஸ்டத்தில் நம் எழுத்துரு இல்லையென்றால் அருணாசலம் என்று அடித்த இடத்தில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, தமிழ் 99 விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு முடிவு கண்டிருந்தார்கள். அது எங்கள் மாடிப்படி ஏறி வரக் காலம் பிடித்தது. எனவே எழுத்தை எல்லாம் படமாக மாற்றினோம். படமாக மாற்றினால் சுழிகளின் ஓரம் வழவழப்பாக இருக்க எழுத்து நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் நடுவே சில சாயல்கள் வேண்டும். 236இல் அதற்கும் பங்கு.

மலையே தெரியாமல் போன கதையும் உண்டு. சில படங்களைச் சென்னையில் ஸ்கேன் செய்து வாங்கினோம். அங்கே மேக் கணினி. திரையின் நடுச்சாயல் வெளிச்சத்தைக் குறிக்கும் காமா அன்றைய மேக்கில் 1.8, பிசியில் ஏறத்தாழ 2.2. அங்கே சரியாகத் தெரிந்த படம் இங்கே ஒரு கை கறுத்துத் தெரியும். பகல் படத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தி நேரத்து மலை இருட்டோடு இருட்டாகிவிட்டது. நிறம் குறைக்கும் முன்பே நடுச்சாயல்களைத் தூக்கிவிட்டுச் சரிசெய்தோம்.

சிடி கார்த்திகைக்கு வெளிவந்தது. கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் மட்டுமல்ல, இல்லாதவர்களும் வாங்கினார்கள். உறையில் இருந்த தீபப் படத்தைப் பூஜை அறையில் வைத்ததாகச் சிலர் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களோ நேராக என் மாடிக்கு வந்தார்கள். "கலர் சரியா வரல."

மென்பொருளோடு பட்ட பாடு அறைக்குள் முடிந்துவிட்டது. அமைப்போடு படும் பாடு தெருவில் தொடங்கியது என்று சொல்லலாம். பையனும் நானும் டிவிஎஸ் வண்டியில் ஒரு ஃபிளாப்பி டப்பாவும் ஸ்குரூ டிரைவருமாக ஊர் சுற்றத் தொடங்கினோம். அப்போது கற்றதைத்தான் நான் இன்றும் பெரிதாக நினைக்கிறேன். கலர் கோளாறு என்று அழைத்தவர்களில் மிகச் சிலருக்கே உண்மையில் எங்கள் சிடியில் கோளாறு இருந்தது.

ஒரு பள்ளிக்கூட லேப். எல்லா சிஸ்டத்திலும் தீபம் கருஞ்சிவப்புப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகக் கோலப்பொடி சிந்திய மாதிரி. டெஸ்க்டாப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ். அங்கே இருந்த ஒரே தேர்வு 16 கலர். விண்டோஸுக்கு டிஸ்பிளே கார்டு என்னவென்று தெரியாவிட்டால் 'ஸ்டாண்டர்ட் விஜிஏ' என்று பேர் போட்டுக்கொண்டு 16 நிறத்தில் ஓடும். சிஸ்டம் வந்த நாளிலிருந்து அப்படித்தான் ஓடியிருக்கிறது. டைப் அடிக்கவும் ஃபாக்ஸ்ப்ரோ கற்கவும் 16 நிறமே அதிகம், யாருக்கும் குறை தெரியவில்லை. கார்டோடு வந்த டிரைவர் ஃபிளாப்பி எங்கே என்றால் எவருக்கும் தெரியாது. இதற்கு ஒரு உபாயம்: சிஸ்டத்தை ஆன் செய்த உடனே, நினைவகம் எண்ணத் தொடங்கும் முன், திரையின் மேல் மூலையில் கார்டின் பெயரும் நினைவகமும் ஓரிரு நொடி மின்னி மறையும். அந்தக் கணத்தில் பாஸ் பட்டனைத் தட்டினால் அப்படியே நிற்கும். நோட்டில் எழுதிக்கொண்டு, சென்னை போகும்போது ரிச்சி தெருவில் கேட்டு, டிரைவரை வாங்கிவந்து போட்டோம். மறுநாள் அந்த லேபில் பிள்ளைகள் வால்பேப்பர் மாற்றிக்கொண்டே இருந்ததாக வாத்தியார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு லாட்ஜில் எல்லாமே மஞ்சள். தீபம் மட்டும் பிரமாதமாக இருந்தது, அதனால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. விபூதி மஞ்சளாகத் தெரிந்தபோதுதான் கூப்பிட்டார்கள். வெள்ளை மஞ்சளானால் நீலம் வரவில்லை என்று பொருள். வெள்ளை இளநீலமாகத் தெரிந்தால் சிவப்பு போயிற்று. ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை போயிற்று. மானிட்டர் கேபிளின் முனையில் பதினைந்து பின்; முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம். பெருக்குகிறவர்கள் இழுத்து, திரும்ப அழுத்திச் சொருகியதில் மூன்றாவது பின் மடங்கியிருந்தது. தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலின் குழலை அதன் மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தினால் போதும். குறடு போட்டால் ஒடிந்துவிடும்.

செங்கம் சாலையில், ஆஸ்ரமத்துக்கு வரும் வெளிநாட்டவரை நம்பித் திறந்திருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் மவுஸ் அம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் கிரிவலம் வந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் பெர்ஃபார்மன்ஸ், அதில் கிராபிக்ஸ். ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் என்ற பட்டையை ஒரு படி இடதுபுறம் தள்ளினால் அம்பை வரையும் வேலை கார்டிடமிருந்து விண்டோஸுக்கு வந்துவிடும். அம்பு திரும்பிவிட்டது.

புதுசாகச் சிஸ்டம் வாங்கிய ஒருவருக்கு வேறு வருத்தம். காசு போட்டு நல்லதாக வாங்கியும், கருங்கல் மண்டபமெல்லாம் லேசாகப் பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. ஹை கலர் எனப்படும் 16 பிட் அமைப்பில் சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. பச்சைக்கு 64 படி, மற்றவற்றுக்கு 32. சாம்பல் நிறம் என்பது மூன்றும் சமமாக இருப்பது. படிகள் ஒத்துப்போகாதபோது சாம்பலில் பச்சையோ இளஞ்சிவப்போ கசியும். ட்ரூ கலருக்கு மாற்றிக் கொடுத்தேன். கல், கல்லாயிற்று.

எல்லாவற்றிலும் மோசமான கோளாறு கேசட் கடைக்கார அண்ணனுடையதுதான். சிடி ஓடும் அழகை வாடிக்கையாளருக்குக் காட்ட அவரே ஒரு சிஸ்டம் வாங்கிக் கடையில் வைத்தார். தீபத்துக்கு இடப்பக்கம் ஓர் ஊதாப் படலம். சிடியை மாற்றினோம், டிரைவரை மாற்றினோம், அமைப்புகளை எல்லாம் திருப்பிப் போட்டோம். ஊதா அசையவில்லை. டெஸ்க்டாப்பிலும் அதே இடத்தில் ஊதா இருப்பதைப் பையன் காட்டிய பிறகுதான் திரைக்கு வெளியே பார்த்தோம். மானிட்டரை ஒட்டி, ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ். அதன் காந்தம் படக்குழாயின் எலக்ட்ரான் கற்றைகளை இழுத்து வேறு நிறப் பாஸ்பரில் விழ வைத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை நகர்த்தினாலும் கறை உடனே போகாது. பெரிய மானிட்டர்களில் காந்தத்தை நீக்கும் டீகாஸ் பட்டன் இருக்கும். பதினான்கு இஞ்ச் மானிட்டரில் அது கிடையாது. அணைத்து, அரை மணி நேரம் நன்றாக ஆறவிட்டு மறுபடி ஆன் செய்தால் உள்ளேயிருக்கும் சுருள் தானே காந்தத்தை விடுவிக்கும். அரை மணி நேரம் கடையில் பாட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த பதிப்பில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். உறையின் பின்புறத்தில் என்ன அமைப்பு வேண்டும் என்று தமிழில் அச்சடித்தோம். சிடி தொடங்கும்போதே லிங்கோவில் கலர்டெப்த் என்ற மதிப்பைப் படித்து, 8க்குக் கீழே இருந்தால் நிறுத்தி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வைத்தோம். அந்த அறிவிப்பைச் சாதாரண அலர்ட் பெட்டியில் வைத்தால் தமிழ் எழுத்து வராது. கலர் படமாக வைத்தால் 16 நிறத்தில் கந்தலாகிவிடும். ஆகவே ஒரு பிட் படம்: வெறும் கறுப்பு, வெறும் வெள்ளை. எந்த டப்பா சிஸ்டத்திலும் அந்த ஒரு பக்கம் சுத்தமாகத் தெரிந்தது. நான் செய்த பக்கங்களில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது அதுதான் என்றால் ஓவியர் நண்பர்கள் கோபிப்பார்கள்.

பிறகு எல்லாம் வேகமாகப் போய்விட்டது. எல்சிடி திரைகள் வந்தன, 256 என்ற எண்ணை மக்கள் மறந்தார்கள். கேசட் கடை செல்போன் ரீசார்ஜ் கடையாயிற்று. மேக்ரோமீடியாவை 2005இல் அடோபி வாங்கியது. ஆத்தர்வேர் 2007இல் நின்றது. டைரக்டர் 2017 பிப்ரவரியோடு விற்பனையிலிருந்து போயிற்று.

சமீபத்தில் அந்தச் சிடியைத் தூசி தட்டி எடுத்தேன். 64 பிட் விண்டோஸ் அதன் நிறுவும் கோப்பைத் தொடக்கூட மறுத்தது. 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே அதில் இல்லை. நேரடியாகப் படத்தைத் திறந்தால், 2016லேயே விண்டோஸில் கைவிடப்பட்டுவிட்ட குயிக்டைம் என்ற வீடியோ மென்பொருளைக் கேட்டது. கம்பாட்டிபிலிட்டி தாவலில் 256 நிறத்துக்கு இறங்கும் தேர்வு இன்னமும் இருக்கிறது. அது பேலட்டை ஓரளவு சமாளிக்கும், குயிக்டைமைச் சமாளிக்காது. கடைசியில் 86பாக்ஸ் கைகொடுத்தது. பழைய மதர்போர்டையும் டிஸ்பிளே கார்டையும் அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள் அது. அதற்குள் விண்டோஸ் 98 போட்டு, அந்தக் கார்டுக்கான பழைய டிரைவரைத் தேடிப் போட்டபின் தீபம் 236 நிறத்திலேயே எரிந்தது. மற்ற மெய்நிகர் கணினிகளில் முயல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் பல விண்டோஸ் 98க்கு டிரைவர் தருவதில்லை, நேராக 16 நிறத்தில் போய் நிற்கும். சிடியைத் திட்டாதீர்கள்.

இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் 1990களின் கடைசியில் தலபுராணம், பாடத்திட்டம், மூலிகை, கூத்து என்று எத்தனையோ பேர் இப்படிச் சிடி செய்தார்கள். அவற்றுக்கு நூலகத்தில் இடம் கிடைக்கவில்லை, பரணில் கிடக்கின்றன. வீட்டில் எழுதும் சிடியின் சாயப்பூச்சு காலப்போக்கில் வெளிறிப்போகும். உங்களிடம் ஒன்று இருந்தால் தயவுசெய்து இந்த மாதமே அதை ஐஎஸ்ஓ கோப்பாக நகல் எடுங்கள். உறையைத் தூக்கிப் போடாமல் இருபுறமும் ஸ்கேன் செய்து கூடவே வையுங்கள். எத்தனை நிறம், எந்த அளவுத் திரை, எந்தக் குயிக்டைம் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செய்தவர்களாக இருந்தால் டிஐஆர் என்று முடியும் மூலக் கோப்பைத் தேடுங்கள். விற்பனைக்குப் போன பூட்டிய கோப்பை டைரக்டரில் திறந்து ஒரு நிறத்தைக்கூட மாற்ற முடியாது.